ஆவூரிலிருந்து தாம்பரம் வரை: தீர்க்கதரிசியின் வாக்கும் ஞானியின் அறிவும்

எரேமியா நூலின் 18ஆம் அதிகாரத்தில் ஒரு சதிக்கூட்டம் வருகிறது. எரேமியாவை ஒழித்துவிட்டாலும் தங்களுக்கு ஒரு குறையும் நேராது என்று அவர்கள் பேசிக்கொள்கிறார்கள். குருவிடம் வேதம் இருக்கிறது, ஞானியிடம் ஆலோசனை இருக்கிறது, தீர்க்கதரிசிகளிடம் வாக்கு இருக்கிறது. இவற்றில் எதுவும் அற்றுப்போகாது என்பது அவர்களுடைய நம்பிக்கை. பண்டை இஸ்ரயேலில் கடவுளின் அறிவு மக்களை வந்தடைந்த மூன்று வழிகளையும் இங்கே மிகச் சுருக்கமாகக் காணலாம்.

இந்த மூன்றில் இரண்டைப் பற்றிய கேள்விதான் இக்கட்டுரையின் பொருள். தீர்க்கதரிசிக்கு அருளப்பட்ட வாக்கும், உலகை உற்றுநோக்கி ஞானி கண்டடைந்த அறிவும் ஒன்றா, வேறா? ஒன்றே என்றால் தீர்க்கதரிசி எதற்கு? வேறு என்றால், தீர்க்கதரிசிகள் எழாத நாடுகளில் நீதிநூல் பாடியவர்களின் அறிவு எங்கிருந்து வந்தது? திருக்குறளையும் ஔவையின் நூல்களையும் ஓதி வளர்ந்த ஒரு சமூகத்துக்கு விவிலியம் வந்து சேர்ந்தபோது, ஐரோப்பாவில் பெரும்பாலும் ஏட்டளவில் நடந்த இந்த விவாதம் இங்கே ஊர்க் கேள்வியாகவே ஆனது. இதற்கு ஐரோப்பிய வாசகர் அறிந்த மிகப் பழைய பதில்களில் ஒன்றை எழுதியவர், புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் பழைய குளத்தூர் தாலுகாவில் பணியாற்றிய ஒரு குருவானவர். ஆகவே குளத்தூர்ப் பகுதியிலிருந்து இந்த வரலாற்றைத் தொடங்குவது பொருத்தமானதே.

விவிலியத்துக்குள்ளேயே இரு குரல்

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். இந்த முரண்பாடு தமிழ்நாட்டில் பிறந்ததன்று; விவிலியத்துக்குள்ளேயே இருக்கிறது. தங்களைத் தாங்களே ஞானிகள் என்று எண்ணிக்கொள்பவர்களுக்கு ஏசாயா ஐயோ என்கிறார். யோபுவின் 28ஆம் அதிகாரமோ சுரங்கம் தோண்டி வெள்ளியை எடுக்கும் மனிதனுக்கும் ஞானம் இருக்கும் இடம் தெரியாது என்று கைவிரிக்கிறது. ஆனால் நீதிமொழிகளின் 8ஆம் அதிகாரத்தில் ஞானம் ஒரு பெண்ணாகத் தெருமுனையில் நின்று எல்லாரையும் கூவி அழைக்கிறது. உலகம் படைக்கப்பட்டபோது கடவுளின் அருகில் தான் இருந்ததாகச் சொல்கிறது. அந்த அழைப்பு இஸ்ரயேலருக்கு மட்டுமானது என்று அங்கே ஒரு சொல்லும் இல்லை.

20ஆம் நூற்றாண்டு ஆய்வு இதை மேலும் சிக்கலாக்கியது. ஆமெனெமோப்பே என்னும் எகிப்தியரின் அறிவுரை நூல் 1923இல் வெளியானது. மறு ஆண்டே ஜெர்மானிய அறிஞர் அடால்ஃப் எர்மன், நீதிமொழிகள் 22, 23ஆம் அதிகாரங்களின் பல அறிவுரைகள் அந்த நூலோடு நெருங்கி ஒத்திருப்பதைக் காட்டினார். எகிப்திய நூலே மூத்தது என்பதுதான் இன்று பெரும்பாலான ஆய்வாளரின் கருத்து. அப்படியானால் வேற்று நாட்டு ஞானியின் வாக்கு விவிலியத்துக்குள் இடம்பெற்றிருக்கிறது. ஏழையைக் கொள்ளையிடாதே, எல்லைக்கல்லைப் பெயர்க்காதே என்ற அறிவுரைகள் தீர்க்கதரிசியின் வழியாக அல்லாமல் எகிப்து அரசாங்க எழுத்தர் ஒருவரின் ஏட்டு வழியாக வந்திருக்கின்றன. தமிழ்ச் சூழலில் இந்தக் கண்டுபிடிப்புக்கு உரிய கவனம் கிடைக்கவில்லை என்றே தோன்றுகிறது. குறளும் விவிலியமும் ஒத்துப்போகும் இடங்களைப் பட்டியலிட்டு, யாரிடமிருந்து யார் எடுத்தார் என்று வழக்காடியவர்கள், விவிலியமே பிறரிடம் பெற்றுக்கொள்ளத் தயங்கவில்லை என்பதை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

தீர்க்கதரிசியும் ஞானியும் தனித்தனிக் கூட்டம் என்ற எண்ணமும் அவ்வளவு உறுதியானதன்று. ஆமோஸ் தெக்கோவாவைச் சேர்ந்த மேய்ப்பர். அதே தெக்கோவாவிலிருந்துதான் தாவீதிடம் பேசுவதற்கு ஞானமுள்ள ஒரு பெண் அழைத்துவரப்பட்டார். ஆமோஸின் பேச்சில் ஊர்ப்புற ஞானத்தின் சாயல் இருப்பதாக 1964இல் ஹான்ஸ் வால்ட்டர் வோல்ஃப் வாதிட்டார். மறு ஆண்டு வில்லியம் மக்கேன் நேர்மாறாக எழுதினார்: ஞானிகள் அரசவை ஆலோசகர்கள், தீர்க்கதரிசிகள் அவர்களோடு மோதியவர்கள். ஞானத்தைத் தம் இறையியலின் ஓரத்தில் வைத்திருந்த கெர்ஹார்ட் ஃபான் ராட், 1970இல் இஸ்ரயேலின் ஞானத்தைப் பற்றியே ஒரு தனி நூல் எழுதினார். ஊர்ப்புற ஞானம் ஒன்று, அரண்மனை ஞானம் ஒன்று என்று பிரித்துப் பார்த்தால் வோல்ஃப், மக்கேன் இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கக்கூடும். இந்தப் பிரிவு பின்னால் தமிழ்நாட்டு விவாதத்திலும் தலைகாட்டும்.

தீர்க்கதரிசியையும் ஞானியையும் இணைக்கும் மிகத் தெளிவான கூற்று சாலமோனின் ஞானம் என்னும் நூலின் 7ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஞானமே தலைமுறைதோறும் தூய உள்ளங்களில் நுழைந்து அவர்களைக் கடவுளின் நண்பர்களாகவும் இறைவாக்கினராகவும் ஆக்குகிறது என்கிறது அந்நூல். ஆனால் அது கத்தோலிக்கரின் விவிலியத்தில் உண்டு. சீர்திருத்தச் சபையினரின் விவிலியத்தில் இல்லை. தமிழ்க் கிறித்தவத்தின் இரு கிளைகள் இந்தக் கேள்வியை வெவ்வேறு விதமாக அணுகியதற்கு இது மட்டுமே காரணம் அன்று. எனினும் இதையும் கணக்கில் கொள்ளத்தான் வேண்டும்.

ஆவூர் குருவின் பதில்

17ஆம் நூற்றாண்டின் இறுதியில் மதுரை மிஷனைச் சேர்ந்த பிரெஞ்சு சேசு சபைக் குரு ழான் வெனான்ஸ் பூஷே (1655–1732) குளத்தூர் தாலுகாவின் ஆவூரில் கோயில் எழுப்பினார். வீரமாமுனிவரும் பணியாற்றிய தலம் அது. இன்று ஆவூர் பெரியநாயகி மாதா கோயிலின் பாஸ்காவும் உயிர்ப்புப் பெருவிழாத் தேரும் சுற்றுவட்டாரம் அறிந்தவை; தேருக்குப் பிற சமயத்தவரும் வருகிறார்கள். ஆனால் பூஷே பிரான்சுக்கு எழுதிய கடிதங்கள் ஆவூரில் எவ்வளவு பேருக்குத் தெரியும் என்பது ஐயமே. அவற்றுள் இரண்டு நம் கேள்வியை நேரடியாகத் தொடுபவை.

ஒன்று, அவ்ராஞ்சு ஆயராக இருந்த பியேர் தானியேல் உவேக்கு எழுதியது. உலகின் எல்லாப் பழஞ்சமயங்களும் மோசேயின் ஏட்டிலிருந்து கிளைத்துச் சிதைந்தவை என்று உவே 1679இல் ஒரு பெருநூலில் வாதிட்டிருந்தார். அதற்குத் தமிழ்நாட்டிலிருந்து சான்று திரட்டித் தந்தார் பூஷே. பிரமாவில் ஆபிரகாமையும் சரசுவதியில் சாராவையும் கண்டார். ஆற்றைக் கடந்து காப்பாற்றப்பட்ட குழந்தைக் கிருஷ்ணனில் மோசேயைக் கண்டார். தேவேந்திரன் சபையில் பந்தயம் கட்டிச் சோதிக்கப்பட்ட அரிச்சந்திரன் கதையில் யோபுவைக் கண்டார்.

மற்றொன்று குறி சொல்லுதலைப் பற்றியது. பழங்காலத்துத் தெய்வ வாக்குகள் எல்லாம் பூசாரிகளின் சூழ்ச்சி என்று பிரெஞ்சு எழுத்தாளர் ஃபோன்தெனெல் எழுத, அவை பேய்களின் வேலையே என்று சேசு சபையின் பால்த்யூ மறுத்திருந்தார். பூஷே பால்த்யூவின் பக்கம் சாட்சி சொன்னார்: இந்தியாவில் பேய்கள் இன்னும் வாக்குச் சொல்கின்றன; கிறித்தவம் வேரூன்றும் இடங்களில் அவை அடங்கிப்போகின்றன.

இரண்டு கடிதங்களையும் சேர்த்துப் படித்தால் ஒரு முழுமையான நிலைப்பாடு தெரிகிறது. தமிழரிடம் இருக்கும் நல்லறிவு முழுவதும் மோசேயிடமிருந்து வந்த பழைய நினைவு. அவர்களிடம் இருக்கும் தெய்வ வாக்கு முழுவதும் பேயின் குரல். ஞானம் இரவல், தீர்க்கதரிசனம் போலி. இதன் பலவீனம் வெளிப்படையானது. பெயர்களின் ஒலி ஒற்றுமையை வைத்து வரலாறு எழுத முடியாது. யோபுவையே ஊத்சு நாட்டவர் என்று விவிலியம் சொல்லும்போது, அரிச்சந்திரன் கதை இஸ்ரயேலிலிருந்து வந்தாக வேண்டும் என்று நினைக்க என்ன தேவை இருக்கிறது? ஆனாலும் பூஷேயைத் தூக்கி எறிந்துவிட முடியாது. ஐரோப்பிய ஆயர் ஒருவருக்கு அரிச்சந்திரனை யோபுவுக்கு இணையாக வைத்துக் காட்டியவர் அவர். துன்பத்தில் வாய்மை தவறாதவனின் கதை, கடவுளின் ஞானத்தோடு தொடர்புடையதாகவே இருக்க வேண்டும் என்ற உள்ளுணர்வு அவருக்கு இருந்தது. அந்த உள்ளுணர்வு சரி. அதற்கு அவர் கட்டிய வம்சாவளிதான் தவறு.

இரவல் கொள்கை கிறித்தவ மரபில் புதிதும் அன்று. 2ஆம் நூற்றாண்டிலேயே யுஸ்தீன், வார்த்தையின் வித்து எல்லா மாந்தரிடமும் விதைக்கப்பட்டிருக்கிறது என்றார். அவரே பிளேட்டோ மோசேயிடம் கற்றார் என்றும் எழுதினார். ஒரே ஆசிரியரிடம் இரண்டு பதிலும் அக்கம்பக்கமாக இருந்தன. தமிழ்நாட்டில் அவை பிரிந்து தனித்தனி வழி கண்டன.

தரங்கம்பாடியும் தஞ்சையும்

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீர்திருத்தச் சபை மிஷனரி சீகன்பால்கு, இரண்டே ஆண்டுகளில் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை ஜெர்மனில் பெயர்த்தார். இயற்கை ஒளியால் தமிழர் அறத்தை அறிந்திருக்கிறார்கள் என்பதை அவர் மறைக்கவில்லை. சில இடங்களில் அது ஐரோப்பியரை வெட்கப்பட வைக்கும் அளவுக்கு இருப்பதையும் ஒப்புக்கொண்டார். ஆனால் மீட்பின் அறிவு திருமறையில் மட்டுமே என்பதில் அவருக்கு ஐயமில்லை. இது பூஷேயின் நிலைப்பாட்டைவிட நேர்மையானது. ஞானத்துக்கு வம்சாவளி தேடாமல், அது இங்கேயே விளைந்தது என்று ஏற்றுக்கொள்கிறது. அதன் தொல்லை வேறு: ஞானத்துக்கும் வாக்குக்கும் நடுவே சுவர் எழுப்பிவிட்ட பிறகு, ஞானத்தால் மீட்புக்கு என்ன பயன் என்பதற்கு அங்கே பதில் கிடையாது. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் 1713இல் எழுதி முடித்த நூலுக்கு ஹாலே நகரத்து மேலிடம் காட்டிய அலட்சியமே இதைச் சொல்லும். நூல் 1867இல்தான் அச்சேறியது.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இறையியல் வாதத்தை விட்டு இலக்கிய வடிவத்தின் வழியே வேறொரு பதில் தந்தார். பெத்லகேம் குறவஞ்சியில் குறத்தியை வெளியேற்றாமல், அவளையே ஞானச்சிங்கியாக்கிக் குறி சொல்ல வைத்தார். பூஷே பேயின் குரல் என்று ஒதுக்கிய அதே வழக்கம், தீர்க்கதரிசன நிறைவேற்றத்தைச் சொல்லும் வாயாக மாறியது. ஆவூருக்கும் தஞ்சைக்கும் தொலைவு அதிகமில்லை. ஒரு நூற்றாண்டுக்குள் நிகழ்ந்த இந்த மாற்றம் மிகப் பெரியது. ஆனால் இதே சாஸ்திரியார்தான் 1820களின் இறுதியில் சபைக்குள் சாதி வேற்றுமையைக் காத்து எழுதினார், வழிபாட்டில் ஒன்றாக அமர வேண்டும் என்ற இளைய மிஷனரிகளை எதிர்த்தார். தீர்க்கதரிசன நிறைவேற்றத்தைப் பாடிய வாய்க்கு ஆமோஸின் நீதி எட்டவில்லை. இதைச் சொல்லாமல் அவரைப் புகழ்வது முறையாகாது.

நீதிநூலின் வழி

வீரமாமுனிவர் (1680–1747) 1726இல் முடித்த தேம்பாவணியில் மோசே முதலான பழைய ஏற்பாட்டு மாந்தரின் வரலாறுகள் கிளைக்கதைகளாக விரிகின்றன. அவரே குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். தீர்க்கதரிசிகளைத் தமிழுக்குக் கொண்டுவந்த அதே கை, தமிழ் ஞானியை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. இரண்டையும் இணைக்கும் கோட்பாட்டை அவர் தனி நூலாக எழுதவில்லை, செயலில் காட்டினார்.

அந்த வழியை இன்னும் தூரம் நடந்தவர் திருச்சிச் சீமைக் குளத்தூரில் 1826இல் பிறந்த மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை. ஆழ்ந்த கத்தோலிக்கர், தேவமாதா மீது அந்தாதி பாடியவர். ஆனால் அவர் 1859இல் வெளியிட்ட நீதிநூலும், சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளும் எந்தச் சமயத்தவரும் தமதென்று எடுத்துக்கொள்ளக் கூடியவை. இவற்றில் கிறித்தவம் நீர்த்துவிட்டது என்று குறை கூறுவோர் உண்டு. நீதிமொழிகள் நூலைத் திறந்து பார்த்தால் அந்தக் குறை நிற்காது. அங்கேயும் விடுதலைப் பயணம் இல்லை, சீனாய் இல்லை, உடன்படிக்கை வரலாறு இல்லை. பிள்ளை விவிலிய ஞான நூல்களின் இலக்கணத்தையே தமிழ் நீதிநூலின் வடிவில் பின்பற்றினார் என்பதே பொருத்தமான விளக்கம். மேலும் அவரிடம் தீர்க்கதரிசியின் கூறும் இல்லாமலில்லை. நீதிமன்றத்தில் இருந்துகொண்டே கைக்கூலியைச் சாடினார். 1876–78 தாது வருடப் பஞ்சத்தில் மாயூரத்தில் தம் பொருளைச் செலவிட்டுக் கஞ்சி வார்த்தார். கோபாலகிருஷ்ண பாரதியார் அதைப் பாடியிருக்கிறார்.

நீதிநூலின் வழிக்கு ஒரு வழுக்கல் உண்டு. ஜி.யு. போப் 1886இல் குறளை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது, மயிலாப்பூரில் வள்ளுவர் கிறித்தவ போதகர்களிடம் கேட்டறிந்திருக்கலாம் என்று கற்பனை செய்தார். 1960களின் இறுதியில் ஆய்வாளர் மு. தெய்வநாயகம் அதைக் கடந்து, வள்ளுவர் கிறித்தவரே என்று எழுதத் தொடங்கினார். சைவ அறிஞர்கள் கடுமையாக மறுத்தார்கள். இங்கே பூஷே திரும்பி வருகிறார். நல்லது எங்கே இருந்தாலும் அது நம்மிடமிருந்து போனதாகவே இருக்க வேண்டும் என்ற அதே நினைப்பு. அதற்கு வரலாற்றுச் சான்று கிடையாது. அதைவிட முக்கியமாக, கடவுளின் ஞானம் தெருமுனையில் நின்று எல்லாரையும் அழைக்கிறது என்ற நீதிமொழிகளின் கூற்றை அது நம்ப மறுக்கிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து எழுந்த எதிர்க்கேள்வியும் இங்கே குறிப்பிடத்தக்கது. பீட்டர் பெர்சிவலின் விவிலிய மொழிபெயர்ப்பில் உதவிய ஆறுமுக நாவலர், அப்போது பெற்ற பழைய ஏற்பாட்டு அறிவைக் கொண்டே 1854இல் சைவதூஷண பரிகாரம் எழுதினார். எருசலேம் ஆலயத்தின் பலி, தூபம், தீபம், விழா எல்லாம் கடவுள் ஏற்படுத்தியவை என்றால், சிவன் கோயிலில் இருப்பவற்றை எப்படிப் பழிக்கிறீர்கள் என்பது அவர் வாதம். பலியை வெறுப்பதாகக் கடவுள் சொன்னதை ஏசாயாவும் ஆமோஸும் எடுத்துரைத்தார்கள் என்று ஒருவர் மறுமொழி சொல்லலாம். ஆனால் அந்தத் தீர்க்கதரிசிகள் கண்டித்தது தங்கள் சொந்த மக்களின் வழிபாட்டை. அண்டை வீட்டாரின் கோயிலைக் கண்டிக்க அவர்களின் சொல்லைக் கடன் வாங்கும்போது, சொல்லின் முனை மழுங்கிவிடுகிறது.

தாம்பரம், 1938

1938 டிசம்பரில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் தாம்பரம் வளாகத்தில் பன்னாட்டு மிஷனரி மன்றம் கூடியது. அதற்காகவே டச்சு அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமர் எழுதிய நூல், சமயங்களை இரண்டாகப் பிரித்தது. கடவுள் பேசி மனிதன் கேட்கும் தீர்க்கதரிசன வெளிப்பாட்டுச் சமயம் ஒன்று. மனிதன் தன் முயற்சியால் மெய்யை உணர முற்படும் சமயங்கள் மற்றவை. இரண்டுக்கும் இடையே தொடர்ச்சி இல்லை என்றார். அதே ஆண்டு சென்னையில் வெளியான மறுசிந்தனைத் தொகுப்பில் பி. செஞ்சையாவும் வி. சக்கரையும் உள்ளிட்டோர் வேறு திசையில் பேசினார்கள். செஞ்சையாவுக்குக் கிறிஸ்து புதிய படைப்பு. இந்தியாவின் ஞான மரபு அந்தப் படைப்பை உணரக் கண் தரக்கூடியது. பாளையங்கோட்டையில் பிறந்த ஏ.ஜே. அப்பாசாமியோ பக்தி மரபின் வழியே வந்தார். நம் மெய்யியல் மரபின் பிரமாணங்களான சுருதி, யுக்தி, அனுபவம் ஆகியவற்றைக் கிறித்தவ அறிவுக்கும் அளவைகளாக ஏற்கலாம் என்றார்.

கிரேமரின் கூர்மையை மதிக்க வேண்டும். எல்லாம் ஒன்றே என்ற மேம்போக்கான பேச்சுக்கு அவர் முற்றுப்புள்ளி வைத்தார். ஐரோப்பாவில் நாசிகள் இனத்தையும் மண்ணையும் வெளிப்பாடாக்கிக்கொண்டிருந்த காலம் அது. ஆனால் அவர் பிரிவினையில் விவிலியத்தின் ஞான நூல்களை எங்கே வைப்பது? பிரசங்கி நூலில் கடவுள் பேசுவதே இல்லை. மனிதன்தான் தேடுகிறான், களைக்கிறான். அதுவும் திருமறையே.

மறுகரையில், 1950இல் குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் பிரெஞ்சுக் குருக்கள் மோன்ஷனேனும் லெ சோவும் நிறுவிய சச்சிதானந்த ஆசிரமம் ஞானத்தின் பக்கம் வெகுதூரம் சென்றது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் பிற சமயங்களில் உண்மையின் கதிர் உண்டு என்று ஏற்றபோது அத்தகைய முயற்சிகளுக்கு ஊக்கம் கிடைத்தது. காவிரிக்கரை ஆசிரமத்தின் மௌனத்தில் ஆழம் இருந்தது. ஆனால் அது தேர்ந்துகொண்டது பெரும்பாலும் உபநிடத ஞானத்தை. சேரியின் ஞானம் அங்கே எவ்வளவு கேட்கப்பட்டது என்பது நியாயமான கேள்வி.

ஆமோஸின் பக்கம்

1980களில் எழுந்த தலித் இறையியல் இந்தக் கேள்வியைத்தான் உரக்கக் கேட்டது. எந்த ஞானம், யாருடைய ஞானம்? மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு, பரட்டை என்ற பெயரில் நாட்டுப்புற மெட்டுகளில் பாடல்கள் இயற்றி, ஒடுக்கப்பட்டவரின் பேச்சும் பழமொழியும் தாளமும் இறையறிவின் ஊற்று என்று காட்டினார். ஏழையை ஒரு சோடிச் செருப்புக்கு விற்றவர்களைச் சாடிய ஆமோஸ், அவருக்கும் அவர் தலைமுறைக்கும் அண்மையானவரானார்.

இந்நிலைப்பாடு முந்தைய எல்லாப் பதில்களின் அடித்தளத்தையும் மாற்றுகிறது. பூஷேயிலிருந்து தெய்வநாயகம் வரை கேட்கப்பட்டது, ஞானம் எங்கிருந்து வந்தது என்பதே. இங்கே கேட்கப்படுவது, அது யாருக்கு நன்மை செய்கிறது என்பது. என் மதிப்பீட்டில் மூன்று நூற்றாண்டு விவாதத்தில் நிகழ்ந்த மிகப் பெரிய முன்னேற்றம் இதுவே. கல்லறையில்கூடச் சாதிச் சுவர் இருந்த திருச்சபை வரலாற்றைக் கொண்ட ஒரு நாட்டில் இந்தக் கேள்வி தாமதமாக வந்தது என்றுதான் வருந்த வேண்டும். இதற்கும் ஒரு குறை உண்டு. தீர்க்கதரிசியை நீதிக் குரலாக மட்டுமே வாசித்தால், ஓசேயாவின் புலம்பலும் யோபுவின் விடையற்ற இரவும் ஓரத்துக்குப் போய்விடும் ஆபத்து இருக்கிறது.

இன்னும் தீராதவை

மூன்று கேள்விகள் முடிவின்றி நிற்கின்றன. முதலாவது, திருமறை எல்லை பற்றியது. சாலமோனின் ஞானம் ஏற்கப்பட்ட இடத்திலும் ஏற்கப்படாத இடத்திலும் ஒரே பதில் சாத்தியமா? 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு இரு தரப்பும் சேர்ந்து உழைத்ததன் பயன். இறையியலில் அத்தகைய கூட்டு முயற்சி இன்னும் போதாது.

இரண்டாவது, எகிப்திய ஏட்டுக்கு நீதிமொழிகளில் கிடைத்த இடத்தைப் போன்ற ஓர் இடத்தைத் தமிழ் நீதிநூல்களுக்குத் தமிழ்ச் சபையின் வழிபாட்டிலும் மறைக்கல்வியிலும் தரலாமா என்பது. தரலாம் என்பதற்கு விவிலிய ஆதாரம் உண்டு. எந்த அளவுக்கு, எந்த நூல்கள், அவற்றில் உள்ள பெண்ணடக்கமும் சாதியொழுக்கமும் எவ்வாறு சலிக்கப்படும் என்பவை ஆராயப்பட வேண்டியவை.

மூன்றாவது மிக அவசரமானது. இன்று தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் தீர்க்கதரிசனக் கூட்டங்கள் நடக்கின்றன. பெயர் சொல்லி அழைத்து, வேலையும் விசாவும் குழந்தைப்பேறும் முன்னுரைக்கப்படுகின்றன. இவற்றை ஒட்டுமொத்தமாகப் பொய் என்பது ஃபோன்தெனெலின் வழி. தமக்கு ஒவ்வாதவற்றைப் பேயின் வேலை என்பது பூஷேயின் வழி. இரண்டும் சோதித்தறியும் உழைப்பைத் தவிர்க்கின்றன. விவிலியம் தரும் அளவைகள் எளிமையானவை அல்ல. நிறைவேறாத வாக்கு கடவுளுடையதன்று என்கிறது உபாகமம்; நிறைவேறாத வாக்கைச் சொன்ன யோனாவோ மெய்யான தீர்க்கதரிசி, ஏனெனில் நினிவே மனம் திரும்பியது. ஆனால் மீகாவின் 3ஆம் அதிகாரம் தரும் அளவையில் குழப்பமில்லை: தனக்கு உணவிடுபவனுக்குச் சமாதானம் சொல்லி, கொடுக்காதவன்மேல் போர் தொடுப்பவன், பணத்துக்குக் குறி சொல்பவன், தீர்க்கதரிசி அல்லன். மேலிருந்து வரும் ஞானத்துக்கு யாக்கோபு தரும் அடையாளமும் நடத்தையைப் பற்றியதே: அமைதி, இரக்கம், பாரபட்சமின்மை.

பங்குகளிலும் சபைகளிலும் வேதபாடம் நடத்துவோர் இந்த இரண்டு பகுதிகளையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும். குறிப்பாக, காணிக்கைப் பெட்டியோடு வரும் தீர்க்கதரிசனத்துக்கு ஏழைக் குடும்பங்கள் தங்கள் சேமிப்பைக் கொடுப்பதற்கு முன்பே கற்பிக்க வேண்டும்.